கைபேசிக் காமிராவும் செயலி செய்வோர் கடமையும்

(பொறியியற் கல்லூரி மாணவர் மன்றம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கைபேசியின் காமிராவைப் பயன்படுத்தும் செயலிகளை எவ்வாறு உருவாக்குவது என்பது பற்றிப் பேசுமாறு உங்கள் மன்றத்தார் என்னைப் பணித்தார்கள். அந்தப் பரந்த விஷயத்தின் எல்லா மூலைகளையும் தொட்டு, எதையும் தெளிவாகக் காட்டாமற் போவதைவிட, ஒரே ஒரு வகைச் செயலியை எடுத்துக்கொண்டு அதன் உள்ளும் புறமும் நிதானமாக நோக்குவதே உசிதம் என்று தீர்மானித்தேன். நான் எடுத்துக்கொண்டது, ரூபாய் நோட்டைக் காமிராவுக்கு முன்னே பிடித்தால் அது எத்தனை ரூபாய் நோட்டு என்று வாய்விட்டுச் சொல்லும் செயலி. பாரத ரிசர்வ் வங்கி 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று 'மணி' என்ற பெயரில் பார்வையற்றோருக்காக வெளியிட்ட செயலி இத்தகையது. இதைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மற்றச் செயலிகள் தவறு செய்தால், பயன்படுத்துகிறவர் தம் கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்வார். இந்தச் செயலியைப் பயன்படுத்துகிறவருக்கோ, அது சொன்னதைச் சரிபார்க்க வேறு சாட்சி இல்லை. காமிராச் செயலி செய்வோரின் பொறுப்பு எத்தன்மையது என்பது மற்ற இடங்களில் மங்கலாகத் தோன்றினாலும், இங்கே ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது.

பார்வையற்ற ஒருவர் கடையில் மீதிப் பணம் வாங்கும்போது அவருடைய விரல்கள் என்ன செய்கின்றன என்பதை ஊன்றிக் கவனியுங்கள். நோட்டின் ஒரு முனையை இரு விரல்களுக்கிடையே செருகி, மறுமுனை உள்ளங்கையில் எந்த ரேகை வரை எட்டுகிறது என்று தடவி, அந்த நீளத்தைக்கொண்டே அது நூறா ஐந்நூறா என்று நிதானிப்பார். நிதானித்தபின் நூறை ஒரு விதமாகவும் ஐந்நூறை வேறு விதமாகவும் மடித்துப் பையில் வைப்பார். பழைய நோட்டுகளில் இதற்கு இடம் இருந்தது. நூறு ரூபாய் நோட்டு 157 மில்லிமீட்டர் நீளம், ஐந்நூறு ரூபாய் நோட்டு 167 மில்லிமீட்டர் நீளம். இடையே முழுதாக ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம். 2016 முதல் வந்த புதிய வரிசையில் நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. மூன்றுக்கும் அகலம் 66. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நான்கே மில்லிமீட்டர் வித்தியாசம், அதுவும் நோட்டு மடங்காமலும் முனை கசங்காமலும் இருந்தால். நூறு ரூபாய் நோட்டில் ஒரு முக்கோணமும் ஐந்நூறு ரூபாய் நோட்டில் ஒரு வட்டமும் விரலுக்குத் தட்டுப்படும்படி புடைப்பாக அச்சிடப்பட்டிருப்பது மெய்தான். ஆனால் பல கைகள் மாறி, வியர்வையில் நனைந்து, கட்டுகளில் இறுகிய நோட்டில் அந்தப் புடைப்பு நாளடைவில் தேய்ந்துபோகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நம் தேசத்தில் பார்வைக் குறைபாடு உடையவர்கள் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த நான்கு மில்லிமீட்டர் அற்ப விஷயம் அன்று என்பது விளங்கும்.

அமெரிக்காவில் நிலைமை இதனினும் கடினமானது. அங்கே ஒரு டாலர் முதல் நூறு டாலர் வரை எல்லா நோட்டுகளும் ஒரே நீளம், ஒரே அகலம். இது நியாயமன்று என்று அந்நாட்டுப் பார்வையற்றோர் மன்றம் தொடுத்த வழக்கில் 2008ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2011இல் அந்நாட்டு அரசாங்க நோட்டு அச்சகமே 'ஐநோட்' என்ற கைபேசிச் செயலியை இலவசமாக வெளியிட்டது. காமிரா கைபேசிக்குள் புகுந்து அப்போது அதிக காலம் ஆகிவிடவில்லை. 1999இல் கியோசெராவும் 2000இல் ஷார்ப்பும் ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த காமிராக் கைபேசிகள் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் பிக்சல்களையே பதிவு செய்யக்கூடியவை. அச்சிட்ட நூலைப் பார்வையற்றோருக்கு உரக்கப் படித்துக் காட்டும் யந்திரத்தை ரே கர்ஸ்வைல் 1976இல் வெளியிட்டபோது அது ஒரு மேசையை அடைத்துக்கொள்ளும் பருமன் உடையதாய் இருந்தது. அதே காரியம் 2008இல் நோக்கியா என்82 என்ற கைபேசிக்குள் அடங்கிவிட்டது. சரித்திரம் இவ்வளவு போதும். இனிக் கருவியின் உள்ளே செல்வோம்.

கைபேசிக் காமிராவின் உணரிக்கு நிறம் தெரியாது. தன்மீது எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை மட்டுமே அது அளக்கும். நிறத்தை அறிவதற்காக, சதுரங்கக் கட்டங்களைப் போல உணரியின் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு வண்ண வடிகட்டியை வைக்கிறார்கள். நான்கு புள்ளிகளில் இரண்டுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாடு இன்றளவும் பெரும்பான்மையான காமிராக்களில் நிலைபெற்றிருக்கிறது. இதன் விளைவு யாதெனில், ஒவ்வொரு புள்ளியும் மூன்று நிறங்களுள் ஒன்றையே மெய்யாக அளக்கிறது. மற்ற இரண்டும் அண்டைப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டு நிரப்பப்படுவன. நம் தருக்க சாஸ்திரிகள் பிரத்தியட்சம் என்றும் அனுமானம் என்றும் பிரித்தார்களே, அந்தப் பிரிவின்படி பார்த்தால், நாம் கண்ணாரக் கண்ட சாட்சியமாகக் கருதும் புகைப்படத்தின் நிறத்தில் மூன்றில் இரண்டு பங்கு அனுமானமே. அதன்மேல் வெண்மைச் சமன், இரைச்சல் நீக்கம், கூர்மையேற்றல் என்று வேறு பல அனுமானங்களும் ஏறிய பிறகுதான் படம் நம் செயலியின் கைக்கு வருகிறது. காமிராச் செயலி எழுதப் புகும் எவரும் முதன்முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டியது இது என்பேன். ஏனெனில் அனுமானத்தின் மேல் கட்டிய முடிவை ஒருவரிடம் சொல்லும்போது, எந்த அளவு உறுதியோடு சொல்கிறோம் என்பதில் விவேகம் வேண்டியிருக்கிறது.

படம் நம் கைக்கு வருவது எப்படி என்பதை இனிப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்குச் செயலி எழுதுவோர் ஆதியில் பயன்படுத்திய காமிரா நிரல் தொகுதியை 2014இல், ஐந்தாம் பதிப்போடு, கூகிள் நிறுவனம் ஒதுக்கிவிட்டு, காமிரா2 என்ற தொகுதியைத் தந்தது. அது ஒளியளவு, குவியம் முதலிய ஒவ்வொரு நுட்பத்தையும் நம் வசம் ஒப்படைப்பது. ஆனால் ஒரு படத்தைத் திரையில் காட்டுவதற்கே நீண்ட நிரலை எழுதவேண்டிய சிரமத்தையும் உடன் தருவது. 2019இல் அறிவிக்கப்பட்ட காமிராஎக்ஸ் அந்தச் சிரமத்தைப் பெரிதும் குறைத்து, முன்காட்சி, படம் பிடித்தல், பகுப்பாய்வு என்று காரியங்களைப் பிரித்துக் கொடுத்தது. ஐபோனில் இவ்வேலைக்கு ஏவிஃபவுண்டேஷன் இருக்கிறது. நம் செயலிக்கு வேண்டியது பகுப்பாய்வு ஒன்றே. படம் எதையும் பிடித்து வைக்கத் தேவையில்லை; பார்வையற்றவருக்கு முன்காட்சியாலும் பயனில்லை, அரைகுறைப் பார்வை எஞ்சியிருப்பவர்களுக்கு மட்டும் அது உதவலாம்.

பகுப்பாய்வுக்கு வரும் பிம்பங்களின் பிரவாகம் எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்குக் காட்டும். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு சட்டகத்தில், ஒளிர்வுக்குப் புள்ளிக்கு ஒரு பைட்டும், நிறத்துக்கு நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து இரண்டு பைட்டுமாக 31 லட்சத்து 10 ஆயிரத்து 400 பைட்டுகள் அடங்கியிருக்கின்றன. விநாடிக்கு 30 சட்டகங்கள் வருமாயின் 9 கோடியே 33 லட்சத்துக்கு மேற்பட்ட பைட்டுகள் ஒவ்வொரு விநாடியும் நம் வாசலில் வந்து கொட்டுகின்றன. நோட்டை இனங்காணும் நரம்பு வலைக்கோ இவ்வளவும் தேவையில்லை. கைபேசிகளுக்கென்றே 2017இல் வெளியிடப்பட்ட மொபைல்நெட் போன்ற வலை 224க்கு 224 அளவுள்ள சிறு படத்தைக்கொண்டே திருப்தியடைகிறது. இங்கே காலத்தைப் பற்றிய ஒரு நுட்பம் இருக்கிறது. விலை குறைந்த கைபேசியில் ஒரு சட்டகத்தை ஆராய விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஆறு புதிய சட்டகங்கள் வந்துவிடும். எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக ஆராய்வேன் என்று பிடிவாதம் செய்யும் செயலி, சில விநாடிகளுக்குள் நிகழ்காலத்தை விட்டு மிகவும் பின்தங்கி, கையில் ஐந்நூறு ரூபாய் நோட்டு இருக்கும்போது, சற்று முன் கீழே வைத்த நூறு ரூபாய் நோட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும். கண்ணுள்ளவர் இதைக் கண்டு காத்திருப்பார், கண்ணில்லாதவர் நம்பிவிடுவார். ஆகையால் புதிதாக வந்த சட்டகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தயக்கமின்றிக் கைவிடும் ஏற்பாட்டை மேற்கொள்ளவேண்டும். காமிராஎக்ஸில் அதற்கு வசதி இருக்கிறது. ஆராய்ந்து முடித்த சட்டகத்தை முறைப்படி மூடி விடுவிப்பதும் அவசியம். அதை மறந்தால், திரையில் முன்காட்சி வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்க, பகுப்பாய்வுக்கு அடுத்த சட்டகம் வராமலே நின்றுவிடும். செயலி உயிரோடு இருப்பதுபோல் தோன்றும், ஆனால் ஒன்றும் பேசாது.

பிம்பத்தின் திசை மற்றொரு விஷயம். உணரி கைபேசிக்குள் பெரும்பாலும் 90 பாகை திரும்பிப் பொருத்தப்பட்டிருக்கும். எல்லாக் கைபேசிகளிலும் அப்படியே இருக்கும் என்று எண்ணி அந்த எண்ணை நிரலில் நேராக எழுதிவிட்டவர்கள் அநேகர். 2015இல் வெளிவந்த நெக்ஸஸ் 5எக்ஸ் கைபேசியில் உணரியைத் தலைகீழாகப் பொருத்தியிருந்தார்கள். உடனே உலகெங்கும் பற்பல செயலிகளில் மனிதர்களும் மரங்களும் தலைகீழாக நின்றன. திசை என்ன என்று கைபேசியையே கேட்டறிய வழி இருக்க, கேளாமல் ஊகித்ததன் பயன் அது. நினைவகத்தில் ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் சில கைபேசிகள் சேர்க்கும் வெற்று பைட்டுகளைக் கணக்கில் கொள்ளாதவர்களின் பிம்பம் சாய்ந்து சிதைவதும் இதே வகையைச் சேர்ந்தது. இவற்றை நீங்கள் பாடப்புத்தகங்களில் படித்துக்கொள்ளலாம், நான் விரிக்கவில்லை.

வெளிச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன், ஏனெனில் கண்ணுள்ளவர்களாகிய நாம் எளிதில் நினைத்துப் பாராத ஓர் உண்மை அதில் அடங்கியிருக்கிறது. பார்வையற்றவர் தனியே இருக்கும் அறையில் மாலைப் பொழுது கழிந்தும் விளக்கு ஏற்றப்படாமல் இருக்கலாம். அவருக்கு விளக்கு தேவையில்லை, அது எரிகிறதா இல்லையா என்பதும் பல சமயம் தெரியாது. அந்த இருளில் அவர் நோட்டைக் காமிராவுக்கு முன் பிடித்து, செயலி ஏன் பேசவில்லை என்று காத்திருப்பார். நமக்கு வரும் ஒவ்வொரு சட்டகத்திலும் ஒளிர்வுத் தளம் தனியே கிடைக்கிறது. அதன் சராசரியைக் கணக்கிடுவது மிகச் சுலபமான காரியம். சராசரி ஓர் எல்லைக்குக் கீழே தாழ்ந்தால் கைபேசியின் டார்ச்சைச் செயலியே ஏற்றவேண்டும். ஏற்றியும் இருளே நீடித்தால், காமிராவின் கண்ணை விரல் மறைத்திருக்கிறது என்று ஊகித்து, "விரலைச் சற்று நகர்த்துங்கள்" என்று சொல்லவேண்டும். பத்துப் பதினைந்து வரிகளில் முடியும் இந்த உபகாரம், பெரிய நரம்பு வலை எதுவும் செய்ய முடியாத நன்மையைச் செய்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

விளக்கு இருக்கும் இடத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலையும் மாறுமின்சாரம் ஆதலால், அதில் எரியும் பல விளக்குகளின் ஒளி விநாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. நம் கண் அதை உணர்வதில்லை. கைபேசி உணரியோ பிம்பத்தின் எல்லா வரிசைகளையும் ஒரே கணத்தில் படிக்காமல் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகப் படிப்பது. ஆகவே ஒளியேற்கும் நேரம் மிகக் குறுகியதாய் இருந்தால், விளக்கு பிரகாசித்த கணத்தில் படிக்கப்பட்ட வரிசைகள் வெளுத்தும், மங்கிய கணத்தில் படிக்கப்பட்டவை கறுத்தும், நோட்டின் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் விழும். ஒளியேற்கும் நேரத்தை விநாடியில் நூறில் ஒரு பங்காகவோ அதன் முழு மடங்காகவோ அமைத்தால் பட்டைகள் மறையும். அமெரிக்காவில் மின்சாரம் 60 முறை அலைவது. அந்நாட்டுக்கென்று எழுதிய நிரலை அப்படியே எடுத்து இங்கே பயன்படுத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி நிறம். புதிய நோட்டுகளில் பத்து பழுப்பு, ஐம்பது நீலம், நூறு இளஊதா, ஐந்நூறு சாம்பல். இருபது பசுமை கலந்த மஞ்சள், இருநூறு பளிச்சென்ற மஞ்சள். கடைசி இரண்டையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழே, வெண்மைச் சமன் சற்றுத் தவறிய ஒரு சட்டகத்தில், அழுக்கேறிய இருபது ரூபாய் நோட்டும் இருநூறு ரூபாய் நோட்டும் நிறத்தால் நெருங்கி வந்துவிடும். மதிப்போ பத்து மடங்கு வேறுபடும். எனவே நிறத்தை மட்டும் நம்பாமல், எண், சித்திரம், கோடுகள் ஆகிய அனைத்தையும் வலை கற்குமாறு பயிற்சி அளிக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு வங்கியிலிருந்து அப்போதுதான் வந்த சலவை நோட்டுகளை மட்டும் படமெடுத்தால் பயனில்லை. நான்காக மடித்தவை, மடிப்பில் கிழிந்து பசைத்தாள் ஒட்டியவை, மையால் எண்கள் கிறுக்கப்பட்டவை, மீன் கடையில் ஈரமானவை, கட்டைவிரல் பாதியை மறைத்தவை என்று சந்தையில் புழங்கும் நோட்டுகளின் சகல அவஸ்தைகளும் அதில் இடம்பெற வேண்டும். ரிசர்வ் வங்கியின் செயலி பாதியாய் மடித்த நோட்டையும், முன்பக்கம் பின்பக்கம் என்ற பேதமின்றி, பல கோணங்களிலும் பலவகை வெளிச்சத்திலும் இனங்காணும் என்று அந்த வங்கி அறிவித்திருப்பது இந்தத் தேவையை உணர்ந்ததனால்தான்.

வலை எவ்வளவு நன்றாகக் கற்றாலும் அதனிடம் ஓர் இயல்பான குணக்கேடு உண்டு. ஆறு நோட்டுகளைக் கற்பித்தால், அதன் முன் வெறும் உள்ளங்கையை நீட்டினாலும் அந்த ஆறில் ஒன்றின் பெயரைச் சொல்லியே தீரும்; தெரியாது என்று சொல்ல அதற்கு நாம் கற்பிக்காதவரை தெரியாது. ஆகையால் மேசை, துணி, உள்ளங்கை, செய்தித்தாள், மருந்துச் சீட்டு ஆகியவற்றின் படங்களையும் காட்டி, 'இவை நோட்டு அல்ல' என்று ஏழாவதாக ஒரு வகுப்பைக் கற்பிக்க வேண்டும். அதற்கு மேலும், வலை தரும் நிச்சயத்தின் அளவு உயர்ந்த எல்லையைத் தாண்டியிருந்தாலன்றிப் பேசக்கூடாது. ஒரே சட்டகத்தை நம்பாமல், தொடர்ந்து வரும் நான்கைந்து சட்டகங்களும் ஒரே விடையைத் தந்த பிறகே வாய் திறக்க வேண்டும். இதனால் விடை வர அரை விநாடியோ ஒரு விநாடியோ தாமதமாகும், தாமதம் ஆகட்டும். செயலியின் வேகத்தைப் பெருமையாகக் காட்டிக்கொள்ள விரும்பும் இளைஞர்களிடம் நான் வேண்டிக்கொள்வது, பிழையாகச் சொன்ன ஒரு விடைக்காக ஓர் ஏழை வியாபாரி நூற்றெண்பது ரூபாய் இழக்கக்கூடும் என்பதை நிரல் எழுதும்போது மறவாதிருக்க வேண்டும் என்பதே. 'மணி' செயலியை வெளியிட்டபோது, அது நோட்டின் மதிப்பை மட்டும் சொல்லும், நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று நிர்ணயிக்காது என்று ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது. கைபேசிக் காமிராவால் இயலாததை இயலாது என்று சொன்ன அந்த நேர்மையை மிகவும் பாராட்டுகிறேன்.

செயலியைப் பிடிக்கும் கைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். பார்வையற்றோர் கைபேசியைக் கையாளும்போது, ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் ஐபோனில் வாய்ஸ்ஓவரும் திரையைப் படித்துச் சொல்கின்றன. பின்னது 2009ஆம் ஆண்டிலிருந்தே ஐபோனில் இருந்துவருகிறது. அவற்றின் ஆட்சியில் ஒருமுறை தொட்டால் பொத்தானின் பெயர் ஒலிக்கும், இருமுறை தட்டினால்தான் அது இயங்கும். பெயரிடப்படாத பொத்தானை அவை வெறுமே 'பொத்தான்' என்று படிக்கும். அத்தகைய பொத்தான்கள் ஐந்து இருக்கும் திரை பார்வையற்றவருக்குப் பூட்டிய கதவுதான். நம் செயலிக்குப் பொத்தானே வேண்டியதில்லை. திறந்தவுடன் பார்க்கத் தொடங்கி, தெரிந்தவுடன் சொன்னால் போதும். கடைத்தெருவின் இரைச்சலில் பேச்சு காதில் விழாதவருக்கும், பார்வையோடு செவிப்புலனும் குன்றியவருக்கும் அதிர்வு துணை செய்யும். 'மணி' செயலியில் அந்த ஏற்பாடு தொடக்கத்திலேயே இருந்தது. அது வெளியானபோது இந்தியிலும் ஆங்கிலத்திலுமே பேசிற்று. இன்றைய கைபேசிகளில் உள்ள பேச்சுப் பொறிகள் தமிழைத் தெளிவாக உச்சரிக்கின்றன. 'இருநூறு ரூபாய்' என்ற இரு சொற்களைத் தமிழில் சொல்லவைப்பதற்கு ஒரு மாணவர் ஒரு மாலைப் பொழுதுக்கு மேல் செலவிட வேண்டியிராது.

நான் எல்லாவற்றினும் முக்கியமாகக் கருதுவதை இப்போது சொல்கிறேன். நோட்டைக் காட்டும்போது காமிரா நோட்டை மட்டும் பார்ப்பதில்லை. அதன் பின்னே மேசைமேல் கிடக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம், மருந்துச் சீட்டு, கட்டிலில் உறங்கும் குழந்தை, உடை மாற்றும் மனைவி எல்லாம் அந்தச் சட்டகத்தில் விழக்கூடும். கண்ணுள்ளவர் திரையைப் பார்த்துக் கைபேசியைத் திருப்பிக்கொள்வார். காமிரா விழித்திருக்கிறது என்று எச்சரிப்பதற்காக ஐபோனில் 2020 முதலும் ஆண்ட்ராய்டில் 2021 முதலும் திரையின் மேலே ஒரு பச்சைப் புள்ளி தோன்றுகிறது. அந்தப் புள்ளி யாருக்கு மிகவும் தேவையோ அவர் அதைக் காண இயலாதவராய் இருக்கிறார். எனவே அவருடைய அந்தரங்கத்துக்குக் காவல், செயலி செய்தவரின் நாணயம் ஒன்றே. நோட்டை இனங்காணும் வேலை முழுவதும் கைபேசிக்குள்ளேயே நடக்கவேண்டும். ஒரு சட்டகம்கூட வெளியே போகக்கூடாது. ஆராய்ந்த சட்டகம் அப்போதே அழிய வேண்டும். 'மணி' செயலி நிறுவிய பிறகு இணையம் இன்றியே இயங்குவது. ஆண்ட்ராய்டில் இணைய அனுமதியே கேளாத செயலியால் பிம்பத்தைத் தானாக எங்கும் அனுப்ப முடியாது. ஆகவே அந்த அனுமதியைக் கேளாதிருப்பது எந்த வாக்குறுதியினும் வலுவான உத்தரவாதம்.

அனுமதி என்பது முன்பு ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும்போதே மொத்தமாக வாங்கப்பட்டது. 2015இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்துதான் காமிரா தேவைப்படும் சமயத்தில் தனியே கேட்கும் முறை ஏற்பட்டது. 2018இல் வந்த ஒன்பதாம் பதிப்பு, பின்னணியில் சும்மா கிடக்கும் செயலிக்குக் காமிராவை மறுத்துவிட்டது. ஐபோனில், காமிரா எதற்கு என்ற காரணத்தை எழுதாத செயலி அதைத் திறக்க முயன்ற கணமே நிறுத்தப்படுகிறது. ஒரே ஒரு படம் போதும் என்னும் செயலிகளுக்கு ஒரு வார்த்தை: காமிரா அனுமதியே கேளாமல், கைபேசியில் முன்பே உள்ள காமிராச் செயலியை அழைத்து, அது எடுத்துத் தரும் அந்த ஒரு படத்தைப் பெற்றுக்கொள்ள ஆண்ட்ராய்டில் வழி இருக்கிறது, அதுவே மரியாதையான வழி. படக்கோப்பில் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பொதிந்திருக்கக்கூடும் என்பதையும் மறவாமல், பிறருக்கு அனுப்புமுன் அவற்றை நீக்கிவிடுங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காகப் பெற்ற சம்மதம், அக்காரியத்துக்கு வேண்டிய அளவு தகவலுக்கே செல்லும் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. சட்டம் வந்ததனால் அல்லாமல், நம்மை நம்பிக் கைபேசியைத் திறந்தவருக்கு நாம் பட்ட கடன் என்றே இதை ஏற்கவேண்டும்.

ரூபாய் நோட்டுக்குச் செயலி வந்துவிட்டது. நம் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பார்வையற்றவருக்கு, வரும் பேருந்தின் எண்ணைத் தமிழில் சொல்லும் செயலி இன்னும் தேவையாகவே இருக்கிறது. சென்னையில் பெரம்பூருக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ஓடும் 29சி வருகிறதா, வேறொன்று வருகிறதா என்று அவர் அருகில் நிற்பவரைக் கேட்டே அறிகிறார். அருகில் எவரும் இல்லாத வேளையில் பேருந்து போய்விடுகிறது. இந்தக் காரியம் நோட்டைவிடக் கடினமானது. பேருந்தின் நெற்றியில் உள்ள மின்னெழுத்துப் பலகையின் விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் எரிவதில்லை. வரிசை வரிசையாக மாறி மாறி மிக விரைவாக எரிந்து அணைபவை. ஒளியேற்கும் நேரம் குறுகினால் எழுத்துகள் பாதி பாதியாக அறுந்து விழும். நீட்டினால் ஓடிவரும் பேருந்தின் பிம்பம் கலங்கும். அடுத்தடுத்த சில சட்டகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இசைத்துச் சேர்த்து எழுத்தை முழுமையாக்குவது இதற்கு ஒரு வழி. அதைத் திறம்படச் செய்யவேண்டிய கணிதம் உங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது.

இந்த ஆண்டு இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்குப் பொருள் தேடிக்கொண்டிருக்கும் மாணவர்கள் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு நீங்களே சோதித்துவிட்டுத் திருப்தியடைந்துவிடாதீர்கள். ஒரு நாழிகை கண்ணை மூடியவரின் கை நடக்கும் விதமும், பிறவி முதல் பார்வையின்றி வாழ்ந்தவரின் கை நடக்கும் விதமும் வேறு. பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. உங்கள் ஊரிலும் சங்கங்கள் இருக்கும். திட்டத்தின் முதல் மாதத்திலேயே அவர்களிடம் செல்லுங்கள். சோதித்துப் பார்க்கும் அவர்களுடைய நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள். அவர்கள் சொல்லும் குறைகளை எழுதிக்கொண்டு வந்து முதலில் அவற்றைத் திருத்துங்கள். செயலி முடிந்ததும் அதை இலவசமாகவும், மூலநிரலோடும் வெளியிடுங்கள்.